குடமுழுக்கா, கும்பாபிஷேகமா, நன்னீராட்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் கோயில் விழா அழைப்பிதழ்களுக்கு வாசகம் எழுதிக் கொடுப்பதும் மெய்ப்புத் திருத்துவதும் என் வேலை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்து ஊர்க்காரர்களும் வருவார்கள். தேதி, லக்னம், யாகசாலை நேரம், அன்னதானம் செய்பவர்களின் பெயர் என எல்லாவற்றையும் எழுதிக் கையில் வைத்திருப்பார்கள். தலைப்பு வரி வந்ததும் பேச்சு நின்றுவிடும். எந்தச் சொல்லைப் போடுவது, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள், அது எங்கிருந்து வந்தது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். பிறகு என்னைக் கேட்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

கும்பாபிஷேகமும் குடமுழுக்கும் ஒன்றுதானா, வேறு வேறா?

ஒன்றுதான். கும்பம் என்றால் குடம். அபிஷேகம் என்றால் மேலே நீர் சொரிதல். யாகசாலையில் வைத்துப் பூசித்த குடங்களின் நீரை விமானக் கலசத்தின் மேலும் மூலவர் மேலும் ஊற்றிக் கோயிலை வழிபாட்டுக்கு உரியதாக்கும் சடங்கைத்தான் இரண்டு சொல்லும் குறிக்கின்றன. ஒன்று வடசொல், மற்றது தமிழ்ச்சொல். எதை அச்சடித்தாலும் சடங்கில் எதுவும் கூடாது, குறையாது.

முழுக்கு என்றால் ஆற்றில் முங்கிக் குளிப்பதாயிற்றே. அவ்வளவு பெரிய கோயிலை எப்படி முழுக்க முடியும்?

முழுகு என்ற வினையிலிருந்து பிறந்த பெயர் முழுக்கு. பெருகு, பெருக்கு ஆவது போலவும், ஒழுகு, ஒழுக்கு ஆவது போலவும்தான் இது. மயிலாடுதுறையில் ஐப்பசிக் கடைசியில் நடப்பது கடைமுழுக்கு. மறுநாள், கார்த்திகை முதல் நாளில், முடவன் முழுக்கு. அவை ஆற்றில் முங்குவதுதான். ஆனால் எண்ணெய் முழுக்கை நினைத்துப் பாருங்கள். அங்கே யாரும் ஆற்றில் முங்குவதில்லை. செம்பால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்கிறோம், அதையும் முழுக்கு என்கிறோம். உச்சி முதல் அடி வரை நனைந்தால் அது முழுக்கு.

கோயிலுக்கும் உச்சி இருக்கிறது. சிற்பிகள் விமானத்தின் உறுப்புகளுக்கு உடம்பின் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். கால், அதற்கு மேல் கழுத்து, அதற்கு மேல் தலை, உச்சியில் குடம். அந்த உச்சியில் ஊற்றிய நீர் வழிந்து இறங்கும்போது கோயில் தலைமுழுகுகிறது. எனக்கு இந்தச் சொல் பிடித்ததற்குக் காரணமே இதுதான். கட்டடத்தை ஓர் ஆளாகப் பார்க்கும் சொல் இது.

அபிஷேகம் என்ற சொல்லுக்கு மூலம் என்ன? அன்றாடம் செய்கிற பாலாபிஷேகமும் இதுவும் ஒன்றா?

வடமொழியில் ‘சிச்’ என்ற வேர் ஊற்றுவதையும் நனைப்பதையும் குறிக்கும். ‘அபி’ என்ற முன்னொட்டு அதற்கு ஒரு திசையைத் தருகிறது: ஒருவர் மீது, ஒருவரை நோக்கி. அதனால் அபிஷேகம் என்றால் ஒருவர் மேல் நீரைச் சொரிதல். வேதகாலச் சடங்குகளில் இது அரசனுக்கு உரியது. ராஜசூய வேள்வியில் பல இடத்து நீரைக் கொண்டுவந்து அரசன் மேல் ஊற்றுவார்கள். அதன் பிறகுதான் அவன் அரசன். பட்டாபிஷேகம் என்ற சொல்லில் அந்தப் பழைய நீர் இன்னும் இருக்கிறது. தமிழில் நாம் அதையே முடிசூட்டு விழா என்கிறோம். அங்கே நீர் பெயராயிற்று, இங்கே முடி பெயராயிற்று.

பாலாபிஷேகமும் சொல்லால் ஒன்றே, செயலால் வேறு. ஏற்கெனவே எழுந்தருளியிருக்கும் தெய்வத்துக்கு அன்றாடம் செய்யும் பணிவிடை அது. குடமுழுக்கு என்பது தெய்வத்தை அந்தக் கல்லில் எழுந்தருளச் செய்வது, அல்லது திருப்பணிக்குப் பிறகு மறுபடி எழுந்தருளச் செய்வது. சுருங்கச் சொன்னால், தினசரி நடப்பது நீராட்டு. குடமுழுக்கு, பட்டம் கட்டுவது.

பெருமாள் கோயிலில் மட்டும் ஏன் சம்ப்ரோக்ஷணம் என்கிறார்கள்?

வைணவ ஆகம வழக்கில் அந்தச் சொல் நிலைத்துவிட்டது. ‘உக்ஷ்’ என்ற வேருக்குத் தெளித்தல் என்று பொருள். சம்ப்ரோக்ஷணம் என்றால் நன்றாகத் தெளித்துத் தூய்மையாக்குதல். ஆகவே சொல்லளவில் சிவன் கோயிலில் ஊற்றுகிறார்கள், பெருமாள் கோயிலில் தெளிக்கிறார்கள். நடைமுறையில் பெருமாள் கோயில் விமானத்திலும் குடத்து நீரை ஊற்றத்தான் செய்கிறார்கள்.

அதியமான்கோட்டையில் சென்னராயப் பெருமாள் கோயிலும் காலபைரவர் கோயிலும் ஒரே ஊரில் இருக்கின்றன. ஒரே ஊரிலேயே இரண்டு சொல்லும் வழங்கும். பெருமாள் கோயில் அழைப்பிதழில் ‘மகா சம்ப்ரோக்ஷணம்’ என்று போட விரும்பினால் தடையில்லை; ‘குடமுழுக்கு’ என்று போட்டாலும் தவறில்லை.

பிரதிஷ்டை என்றும் சொல்கிறார்களே, அது எது?

‘ஸ்தா’ என்ற வேருக்கு நிற்றல் என்று பொருள். ஸ்தலம், ஸ்தாபனம், ஸ்தானம் எல்லாம் அதன் பிள்ளைகள். பிரதிஷ்டை என்றால் ஓரிடத்தில் உறுதியாக நிற்கச் செய்தல். கல்லைப் பீடத்தில் நிறுத்துவது பிரதிஷ்டை, அதன் மேல் குடத்து நீரை ஊற்றுவது குடமுழுக்கு. புதுக் கோயிலில் இரண்டும் அடுத்தடுத்து நடக்கும். பழைய கோயிலில் கல் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பதால் பெரும்பாலும் குடமுழுக்கு மட்டும். ஓசூர்ப் பக்கத்தில் கன்னடம் பேசும் குடும்பங்கள் இரண்டையும் சேர்த்தே பிரதிஷ்டாபனை என்று சொல்வதைக் கேட்டிருக்கலாம். ஒரே அழைப்பிதழில் இரு மொழியும் வரும்போது குழப்பம் வருவது இதனால்தான்.

தமிழில் இதற்கு ஓர் அருமையான பழஞ்சொல் இருக்கிறது: கடவுள் மங்கலம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

குடத்துக்குள் இருப்பது தண்ணீர்தானே? அதற்கு ஏன் இத்தனை நூல், இத்தனை இலை?

அந்தக் குடம் சில நாளுக்குத் தெய்வத்தின் உடம்பாக இருக்கப்போகிறது, அதனால்தான். நூல் நரம்பு, உள்ளே இருக்கும் நீர் குருதி, மேலே வைக்கும் தேங்காய் தலை, மாவிலை சடை, சுற்றிக் கட்டும் துணி தோல் என்று சிவாசாரியார்கள் விளக்குவார்கள். திருப்பணி தொடங்கும்போதும் முடியும்போதும் தெய்வ ஆற்றலைக் குடத்து நீருக்கு மாற்றுவதைக் கலாகர்ஷணம் என்பார்கள். ஆகர்ஷணம் என்றால் ஈர்த்தல். யாகசாலை நாள்களில் கருவறையில் இருப்பதை விடக் குடத்தில்தான் தெய்வம் இருப்பதாகக் கொள்கிறார்கள். கடைசி நாள் காலை, மேளதாளத்தோடு குடத்தைத் தலையில் சுமந்து வரும் கடம் புறப்பாட்டின்போது ஊரே எழுந்து நிற்பது அதனால்தான்.

நூல் சுற்றுவதை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். குடத்தை மடியில் சாய்த்து ஒரு கையால் உருட்டிக்கொண்டே இருப்பார். மறு கையிலிருந்து பருத்தி நூல் இறங்கிக்கொண்டே இருக்கும். முதலில் சாய்ந்த கோடுகளாகத் தெரியும். குடம் திரும்பத் திரும்ப எதிர்ச்சாய்வுக் கோடுகள் அவற்றை வெட்டும். கொஞ்ச நேரத்தில் கழுத்திலிருந்து அடி வரை சாய்சதுரக் கண்ணிகள் ஒரே அளவில் விழுந்திருக்கும். பழகிய கை அளவுகோல் இல்லாமல் இதைச் செய்கிறது. யாகசாலை முடிந்த பிறகு அந்த நூலுக்கு ஊரில் அடிபிடி நடப்பது வியப்பில்லை.

குடத்துக்கு எந்த ஊர்த் தண்ணீர் வேண்டும்? தீர்த்தம் என்றால் வினை தீர்ப்பது என்று பொருளா?

நம் பக்கத்தில் ஒகேனக்கல் காவிரி நீரும் தீர்த்தமலை நீரும் கொண்டுவருவது வழக்கம். ஊத்தங்கரை வட்டாரத்தார் அனுமன்தீர்த்தத்துக்குப் போவார்கள். இன்ன நீர்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஊர்க் கிணற்று நீரையும் முறைப்படி பூசித்துச் சேர்ப்பார்கள்.

தீர்த்தம் என்ற சொல் தமிழ்த் ‘தீர்’ இலிருந்து வந்தது போலத் தோன்றுவது இயல்பு. ஆனால் அது வடசொல். கடத்தல் என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது. ஆற்றைக் கடக்கும் துறைக்குத்தான் முதலில் அந்தப் பெயர். துறையில் மக்கள் இறங்கினார்கள், நீராடினார்கள், வழிபட்டார்கள். துறையின் பெயர் நீருக்கே ஆகிவிட்டது. தீர்த்தமலையில் ஆறே இல்லை, பாறையிலிருந்து விழும் நீர்தான். ராம தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகஸ்திய தீர்த்தம், அக்னி தீர்த்தம் என்று அங்கே ஐந்து. சொல் எவ்வளவு தூரம் நடந்து மலையேறியிருக்கிறது என்பதற்கு நம் அரூர்ப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது.

பாலாலயம் செய்ய எத்தனை லிட்டர் பால் வாங்க வேண்டும்?

அதற்கென்று பால் வாங்க வேண்டியதில்லை. இது ‘பால’ + ‘ஆலயம்’. பால என்றால் இளைய. திருப்பணி நடக்கும்போது மூலவரின் ஆற்றலைக் குடத்துக்கு மாற்றி, அங்கிருந்து ஒரு மரப்பலகையிலோ சித்திரத்திலோ சிறு உருவத்திலோ எழுந்தருளச் செய்து, ஒரு சிறிய தற்காலிகக் கோயிலில் பூசை நடத்துவார்கள். அந்தச் சிறு கோயில்தான் பாலாலயம். தேவாரக் காலத்தில் இதை இளங்கோயில் என்றார்கள். மீயச்சூர் இளங்கோயில் பாடல் பெற்ற தலம்.

‘இளங்கோயில் அமைத்தல்’ என்று அழைப்பிதழில் போட்டால் பால் வாங்கும் குழப்பமே வராது. சொல்லிப் பார்க்கிறேன், பாதிப் பேர் ஒத்துக்கொள்கிறார்கள்.

அஷ்டபந்தனத்தை ‘மருந்து சாத்துதல்’ என்கிறார்களே. சாமிக்கு எதற்கு மருந்து?

அஷ்டம் எட்டு, பந்தனம் கட்டு. சிலையையும் பீடத்தையும் இறுகப் பிணைக்கும் கலவை அது. கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் தூள், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்று எட்டுப் பொருள். இவற்றைச் சேர்த்து உரலில் இடித்துக்கொண்டே இருப்பார்கள். சூட்டோடு இளகி, உருட்டித் திரிக்கும் பதம் வந்ததும் சிலைக்கும் பீடத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கில் அழுத்தி வைப்பார்கள். ஆறியதும் இறுகிவிடும். அன்றாட அபிஷேக நீர் பீடத்துக்குள் இறங்காமல் அது காக்கிறது. மருந்து என்று பெயர் வந்ததற்கு, பலவற்றை அளவோடு சேர்த்து இடித்துப் பதம் பார்த்துச் செய்வதே போதுமான காரணம்.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கட்டாயமா? எங்களிடம் பணம் இல்லை.

பன்னிரண்டு என்ற கணக்கு மரபாக வந்தது. மேலே சொன்ன மருந்து ஏறக்குறைய அவ்வளவு காலம் தாங்கும் என்பார்கள். குரு ராசிச் சக்கரத்தைச் சுற்றிவரும் காலமும் ஏறக்குறைய அதுவே. இரண்டையும் காரணமாகச் சொல்கிறார்கள். கட்டடத்தைப் பழுது பார்க்க இது நல்ல இடைவெளி என்பது என் எண்ணம். தளத்தில் ஆலமரக் கன்று வேர்விட்டிருந்தால் பன்னிரண்டு ஆண்டில் கண்ணில் படும். முப்பது ஆண்டு விட்டால் கல் பிளந்துவிடும்.

பணம் இல்லாமல் தள்ளிப்போவது குற்றம் ஆகாது. தஞ்சைப் பெரிய கோயிலிலேயே 1997ஆம் ஆண்டுக்குப் பிறகு 2020இல்தான் குடமுழுக்கு நடந்தது. கடன் வாங்கிப் பந்தல் போடுவதைவிட, ஒழுகும் தளத்தை அடைத்துவிட்டு இரண்டு ஆண்டு பொறுத்துச் செய்வது எவ்வளவோ நல்லது.

கோயிலில் சிலை திருடு போய்த் திரும்பக் கிடைத்தது. அதற்கும் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். குடமுழுக்கில் நான்கு வகை சொல்வார்கள். புதுக் கோயிலுக்கு முதன்முதலாகச் செய்வது ஆவர்த்தம். வெகுகாலம் பூசையின்றிக் கிடந்தோ வெள்ளம் போன்றவற்றால் சிதைந்தோ போனதை மீட்டுச் செய்வது அநாவர்த்தம். பழுதுபார்த்து மறுபடி செய்வது புனராவர்த்தம். நாம் பெரும்பாலும் பார்ப்பது இதுதான். திருட்டு போன்ற தீங்கு நேர்ந்த பின் செய்வது அந்தரிதம். உங்களுடையது நான்காவது.

கலசத்தில் தானியம் வைப்பது இடிதாங்கிக்காகத்தான் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

இடிதாங்கி வேலை செய்ய உச்சியிலிருந்து மண் வரை மின்சாரம் இறங்க ஓர் உலோகக் கம்பி வேண்டும். கலசம் சுதை மேலும் கல் மேலும் நிற்கிறது, கம்பி கிடையாது. ஆகவே அந்தச் செய்தியை நம்பி உயரமான கோபுரத்துக்கு இடிதாங்கி பொருத்தாமல் விட்டுவிடாதீர்கள். தானியம் வைப்பதற்கு வளமையின் அடையாளம் என்பதே மரபான காரணம். வரகு, நெல், கேழ்வரகு, சோளம் என அந்தந்த ஊரில் விளைவதை வைப்பார்கள். குடமுழுக்கின்போது பழையதை எடுத்துவிட்டுப் புதியது இடுவார்கள்.

எங்கள் வேடியப்பன் வெறும் கல். கோபுரமும் இல்லை, கலசமும் இல்லை. அதற்கு நன்னீராட்டு என்று போட்டால் படித்தவர்கள் சிரிப்பார்களா?

சிரிக்கவே மாட்டார்கள். படித்தவர்களாக இருந்தால் அந்தச் சொல்லுக்கு உங்கள் வேடியப்பனைவிட உரிமை உள்ளவர் யாரும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வேடியப்பன் என்று கும்பிடும் கற்களில் பல, நடுகற்கள். மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்த வீரனுக்கு ஊர் நட்ட கல். புளியமரத்தடியில், பாதி மண்ணில் புதைந்து, மஞ்சளும் குங்குமமும் பூசிப் பூசி முகம் மழுங்கி நிற்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்தால் ஒரு கையில் வில், மறு கையில் வாள், கொண்டை, தைத்த அம்பு, சில கற்களில் மேலே வட்டெழுத்து வரிகள் தெரியும். ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்பது அந்த வரிகளில் வரும் தொடர். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் இறந்தான்.

இந்தக் கல்லை எப்படித் தெய்வமாக்குவது என்று தொல்காப்பியம் ஆறு படி சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். ஏற்ற கல்லைப் பார்ப்பது, அதை எடுக்கத் தொடங்குவது, நீராட்டுவது, நடுவது, பெரிய படையல் இடுவது, வாழ்த்திப் பாடுவது. மூன்றாவது படியைப் பாருங்கள். நீராட்டிய பிறகுதான் நடுகிறார்கள். புறநானூற்றின் 329ஆம் பாட்டு ஒரு சிற்றூரைக் காட்டுகிறது: வீட்டில் காய்ச்சிய கள், சில குடிகளே உள்ள ஊர், ஊர்ப்புறத்தில் நடுகல். அந்தக் கல்லுக்கு ‘நாட்பலி ஊட்டி நன்னீராட்டி’ நெய் விளக்கேற்றுகிறார்கள். புகை தெருவெல்லாம் மணக்கிறது. நன்னீராட்டி! இன்றைக்குப் பெரிய கோயில் அழைப்பிதழ்களில் தங்க எழுத்தில் வரும் அதே சொல், முதலில் மரத்தடிக் கல்லுக்குத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடியது புறநானூற்றில் 232ஆம் பாட்டு. நடுகல்லுக்கு மயில் பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சிறு கலத்தில் ஊற்றுகிறார்கள். மலையோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார். தகடூர் என்பது தருமபுரி. கல்லைப் புனிதமாக்கும் சடங்கைப் பற்றித் தமிழில் உள்ள மிகப் பழைய பாட்டுகளில் ஒன்று நம் ஊர்த் தலைவனுக்காக அழுத பாட்டு. அழைப்பிதழில் தைரியமாக ‘நன்னீராட்டு விழா’ என்று போடுங்கள்.

அங்கே யாகசாலை வளர்க்க வேண்டுமா? பூசாரியே செய்தால் போதாதா?

ஆகமப்படி கட்டிய கோயிலுக்கு ஆகம விதி. ஊர் வழக்கப்படி நிற்கும் தெய்வத்துக்கு ஊர் வழக்கம். மேலே சொன்ன ஆறு படியில் வேள்வி கிடையாது. நீர், படையல், வாழ்த்து என்பவைதான் உண்டு. மாரியம்மன் பண்டிகையில் கரகம் சோடித்து நீர்த்துறையிலிருந்து அம்மனை அழைத்துவருகிறோமே, அங்கேயும் ஒரு குடத்து நீரில்தான் தெய்வம் வருகிறது. பூசாரி செய்வது குறைந்த சடங்கு என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். விழாவுக்காகக் கல்லை உளியால் கொத்திப் ‘புதுப்பிக்க’ வேண்டாம்; எனாமல் பெயிண்ட் அடிக்க வேண்டாம்; டைல்ஸ் பதித்து எழுத்தை மறைக்கவும் வேண்டாம். எழுத்து இருந்தால் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். படித்துச் சொல்வார்கள். உங்கள் வேடியப்பன் யார், எதற்காக உயிர் விட்டான் என்பது ஊருக்குத் தெரிந்தால் அதைவிடப் பெரிய திருப்பணி இல்லை.

அப்படியானால் குடமுழுக்கு என்பதே தமிழர் வழக்கமா, வடக்கிலிருந்து வந்ததா?

இன்று நடப்பதில் இரண்டும் இருக்கின்றன. கல்லை நீராட்டி நட்டுப் படையலிட்டு வாழ்த்துவது மேலே காட்டியபடி பழந்தமிழ் நூல்களில் இருக்கிறது. யாகசாலை, தீ வளர்த்தல், மந்திரம், குடத்துக்கு ஆற்றலை ஈர்த்தல் என்பவை வேதத்திலும் ஆகமத்திலும் வளர்ந்தவை. இரண்டும் சேரும் இடத்தைச் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் நேராகவே பார்க்கலாம். காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை என்று அந்த நடுகல் படிகளே காதைகளின் பெயர். செங்குட்டுவன் இமயத்தில் கல் எடுத்துக் கங்கையில் நீர்ப்படை செய்து கொண்டுவருகிறான். கண்ணகிக்குக் கோயில் அமைத்து, பூப்பலி செய்து, வேள்வியும் விழாவும் நாள்தோறும் வகுத்து, ‘கடவுள் மங்கலம் செய்க’ என்று ஆணையிடுகிறான். நடுகல் மரபும் வேள்வியும் ஒரே இடத்தில்.

பிரதிஷ்டைக்கு நேரான சொல் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் எழுதித் தருவது அந்தக் கடவுள் மங்கலத்தைத்தான். புழக்கத்தில் இல்லாத சொல்லாயிற்றே என்று தயங்குவார்கள். அச்சில் பார்த்தபின் யாரும் மாற்றச் சொன்னதில்லை.

தமிழில் சொல்லிச் செய்தால் குடமுழுக்கு செல்லுமா?

செல்லும். தஞ்சைப் பெரிய கோயிலில் 2020 பிப்ரவரி 5ஆம் தேதி நடந்த குடமுழுக்கையொட்டி இந்தக் கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. தமிழ், வடமொழி இரண்டிலும் நடத்த நீதிமன்றம் வழி செய்தது, அப்படியே நடந்தது. வேடியப்பன் போன்ற ஊர்த் தெய்வங்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. அங்கே எப்போதும் தமிழ்தான். வேப்பனப்பள்ளி, ஓசூர்ப் பக்கம் போனால் தெலுங்கும் கன்னடமும்.

புனிதம் தமிழ்ச்சொல்லா?

வடசொல். ‘பூ’ என்ற வேருக்குத் தூய்மையாக்குதல் என்று பொருள். பவித்திரம், பாவனம் என்பவையும் அதிலிருந்து வந்தவை. ஆனால் தேவாரத்திலேயே இறைவனைப் புனிதன் என்று பாடிவிட்டார்கள். இத்தனை நூற்றாண்டு இங்கே வாழ்ந்த சொல்லை வெளியூர்ச் சொல் என்று தள்ள எனக்கு மனம் வருவதில்லை. தமிழ்ச்சொல்தான் வேண்டும் என்றால் தூய்மை, தூய என்று எழுதலாம்.

சர்ச் திறப்பு விழா அழைப்பிதழிலும் அபிஷேகம், அர்ச்சிப்பு, நேர்ந்தளிப்பு என்று வருகிறதே. நம் சொல்லை அவர்கள் எடுத்துக்கொண்டார்களா?

சொல் எல்லோருக்கும் பொது. தமிழ் விவிலியத்தில் ஒருவர் தலையில் எண்ணெய் ஊற்றிக் கடவுளுக்கு உரியவராக்குவதை அபிஷேகம் என்று மொழிபெயர்த்தார்கள். முன்பு சொன்ன பட்டாபிஷேகத்தை நினைவில் கொண்டால் பொருத்தம் புரியும். அங்கும் அரசர்களுக்கு அது நடந்தது. மெசியா என்ற எபிரேயச் சொல்லுக்கும் கிறிஸ்து என்ற கிரேக்கச் சொல்லுக்கும் எண்ணெய் பூசப்பட்டவர் என்றே பொருள். புதுக் கோயிலில் ஆயர் பலிபீடத்தில் தைலம் பூசுவது அர்ச்சிப்பின் நடுவான பகுதி. 1997இல் தருமபுரி தனி மறைமாவட்டம் ஆனதிலிருந்து இந்த அழைப்பிதழ்களும் இங்கே அதிகம்.

நேர்ந்தளிப்பு என்பது இன்னும் அழகான சொல். மேலைநாட்டு மொழிகளில் புனிதமாக்குவதைக் குறிக்கும் இலத்தீன் மூலமான ‘சாக்கெர்’ என்பதன் உட்பொருள், கடவுளுக்கென்று விலக்கி வைத்தது. நம் ஊரில் கிடாயை நேர்ந்துவிடுகிறோம். அன்று முதல் அதை யாரும் விற்கமாட்டார்கள், அடிக்கவும் மாட்டார்கள். அடுத்தவர் கொல்லையில் மேய்ந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். கடவுளுக்கென்று விலக்கி வைத்ததுதானே அது! நீர் ஊற்றிப் புனிதமாக்குவது ஒரு வழி, நேர்ந்து விடுவது இன்னொரு வழி. தமிழ் இரண்டுக்கும் சொல் வைத்திருக்கிறது.

‘வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டான்’ என்கிறோம். கைவிடுவதற்கும் புனிதமாக்குவதற்கும் எப்படி ஒரே சொல்?

முழுக்கு ஒரு நிலையை முடித்து இன்னொரு நிலையைத் தொடங்கி வைக்கிறது. சாவு வீட்டிலிருந்து வந்து தலைமுழுகினால் தீட்டு முடிகிறது. தீபாவளி விடியலில் தலைமுழுகினால் பண்டிகை தொடங்குகிறது. வேலைக்கு முழுக்குப் போட்டவன் முடிவைச் சொல்கிறான். கோயிலுக்கு முழுக்குச் செய்பவன் தொடக்கத்தைச் சொல்கிறான். சொல் ஒன்று, பார்க்கும் பக்கம் வேறு. நல்ல காரியத்துக்கு அந்தச் சொல் ஆகாது என்று சிலர் தயங்குகிறார்கள். தயக்கம் வேண்டாம், ‘போடு’ என்ற வினை சேர்ந்தால்தான் கைவிடும் பொருள் வரும்.

கடைசியாக, தலைப்பு வரியை எப்படி எழுதினால் எழுத்துப்பிழை வராது?

‘குடமுழுக்கு’ என்பதில் இரண்டும் உகரம்: மு, ழு. ‘குடமுழக்கு’ என்று வந்தால் ஒலி எழுப்பும் முழக்கமாகிவிடும். ‘குடமுழா’ என்பதும் வேறு. அது திருவாரூர்க் கோயிலில் உள்ளது போன்ற ஐந்து முக இசைக்கருவி. கும்பாபிஷேகம், கும்பாபிசேகம் இரண்டும் வழக்கில் உண்டு. ஓர் அழைப்பிதழில் ஒன்றை மட்டும் பின்பற்றுங்கள். ‘திருக்குட நன்னீராட்டுப் பெருவிழா’ என்பதில் ‘ப்’ விடக்கூடாது. ‘திருக்குடமுழுக்குக் கும்பாபிஷேகம்’ என்று இரண்டையும் ஒட்டி எழுதச் சொல்பவர்கள் உண்டு. ஒன்றைத் தலைப்பாகப் பெரிதாகவும் மற்றதை அதன் கீழே சிறிதாகவும் வைத்துக்கொள்ளலாம். நாள், நேரம், ஊர், வட்டம், மாவட்டம் சரியா என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் உரக்கப் படித்துப் பார்த்த பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.